மலையேறும் தொலைநோக்கியே வேண்டும்

பள்ளிக்கு ஒரு தொலைநோக்கி வாங்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், "வாங்குவதுதான் வாங்குகிறோம், பெரியதாகவே வாங்கிவிடுவோமே" என்பவர்களே நம்மில் அதிகம். பெற்றோர்களும் பெரும்பாலும் அந்தக் கட்சிதான். நாங்கள் அதற்கு எதிர்க்கட்சி. இரண்டு மாணவியர் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறி, கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குக் கொண்டுபோகக் கூடிய சிறிய தொலைநோக்கியே நமக்கு ஏற்றது என்பது எங்கள் துணிபு. காரணங்களைச் சொல்கிறோம். பொறுமையோடு படித்தருள வேண்டுகிறோம்.

வானம் தெரியும் நேரத்தில் பள்ளி பூட்டியிருக்கிறது. கிராமங்களிலிருந்து வரும் மாணவியர் மாலை மணி அடித்ததும் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறோம். இரவில் பள்ளியிலேயே இருப்பவர்கள் விடுதிப் பிள்ளைகள் மட்டுமே. கல்வராயன் மலையிலோ அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. அங்குள்ள பிள்ளைகள் உண்பதும் உறங்குவதும் பள்ளியிலேயே. இரவு வானம் அவர்கள் தலைக்கு மேல் தினமும் விரிந்து கிடக்கிறது. தொலைநோக்கியைத் தேடி அவர்கள் இரவில் மலையிறங்கி வர இயலுமா? அதுதான் அவர்களைத் தேடி ஏறிப் போக வேண்டும். பெரிய கருவியாக வாங்கினால், தூக்க நால்வர், பூட்ட ஒருவர், பொறுப்பேற்க ஒருவர் என்றாகி, கடைசியில் அது ஆய்வுக்கூட அலமாரியில் கண்ணாடிக்குள் குடியேறும். ஆண்டாய்வு நாளில் மட்டும் தூசி தட்டப்படும். அதற்குப் பெயர் தொலைநோக்கியன்று, பொம்மை.

சிறிய கருவியால் என்ன தெரிந்துவிடப் போகிறது என்று கேட்பார்கள். 1610 ஜனவரியில் கலிலியோ வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டது ஏறத்தாழ இருபது மடங்கு பெரிதாக்கும் கருவியால்தான். அதைவிடப் பெரிய வில்லை இன்று சாதாரணத் தொலைநோக்கியில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? விழுப்புரம் தாண்டினால் வரும் புதுச்சேரியில், 1689 டிசம்பரில் ரிஷோ என்ற இயேசு சபைத் துறவி ஒரு வால்மீனைப் பார்த்துக் கொண்டிருந்தபோது, அருகிலிருந்த ஆல்பா சென்டாரி விண்மீன் ஒன்றன்று, இரண்டு என்று கண்டு எழுதிவைத்தார். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அடிவானத்துக்கு மேலே வராத அந்த விண்மீன், மே, ஜூன் இரவுகளில் நமக்குத் தெற்கே தாழ்வாகத் தெரிகிறது. மரமும் மாடியும் மறைக்காத மலைச்சரிவு கிடைத்தால், ரிஷோ கண்டதை நாமும் காணலாம். 70 மில்லிமீட்டர் வில்லை அதற்குப் போதும்.

இனிக் கடைக்குப் போவோம். பெட்டியின் மேல் "525 மடங்கு" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதைக் கண்டு மயங்குபவர்கள் ஏமாறுவார்கள். கணக்கு மிக எளிது. பொருளருகு வில்லையின் குவியத்தூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்தால் வருவதே பெருக்கம். 700 மில்லிமீட்டர் குழலில் 25 மில்லிமீட்டர் கண்ணருகு வில்லையைச் செருகினால் 28 மடங்கு. 10 மில்லிமீட்டர் செருகினால் 70 மடங்கு. 4 மில்லிமீட்டரைச் செருகி, அதன்மேல் மும்மடங்காக்கும் இன்னொரு வில்லையையும் சேர்த்தால்தான் அந்த 525 வரும். ஆனால் 70 மில்லிமீட்டர் வாய் வாங்கும் ஒளி, 140 மடங்குக்கு மேல் தாங்காது. அதற்குமேல் போனால் தெரிவது மங்கிய கொழுக்கட்டை ஒன்றுதான். ஆகையால் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது எத்தனை மடங்கு என்பதன்று, வாயின் விட்டம் எவ்வளவு என்பதே.

கையில் தூக்கும் அளவில் மூன்று வகைகள் கிடைக்கின்றன. வில்லை வைத்த நீள்குழல் ஒன்று. குழிஆடி வைத்து, மேசைமேல் நிறுத்தும் குட்டையான வகை ஒன்று. வில்லையும் ஆடியும் சேர்ந்து, ஓரடி நீளத்துக்குள் அடங்கும் மாக்சுடோவ் என்பது மூன்றாவது. ஆடி வைத்ததே கொடுக்கும் காசுக்கு அதிக ஒளி தரும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். சமதரைப் பள்ளியானால் அதையே பரிந்துரைத்திருப்போம். ஆனால் நம் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து குலுங்கும் குலுக்கலை அறிந்தவர்கள் யோசிப்பார்கள். ஆடி சற்றே நகர்ந்தாலும் படிமம் கெடும். போய் இறங்கியதும் திருகாணிகளைத் திருகி நேராக்க வேண்டும், அதற்குப் பழகிய கையும் வேண்டும். மாக்சுடோவ் உறுதியானது, அழகானது. விலைதான் நம் உண்டியலுக்கு எட்டாது. வில்லைக் குழலுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. இரண்டரை அடி நீளம். எடுத்தோம், நிறுத்தினோம், பார்த்தோம் என்றிருக்கலாம். 70 அல்லது 80 மில்லிமீட்டர் வாயுள்ளதே எங்கள் தேர்வு.

குழலுக்குக் கொடுக்கும் கவனத்தைத் தாங்கிக்கும் கொடுக்க வேண்டும். மெல்லிய மூன்றுகால் தாங்கியில் எவ்வளவு நல்ல குழலை வைத்தாலும், தொட்ட மாத்திரத்தில் நிலா ஆடத் தொடங்கிவிடும். எழுபது மடங்கு பெரிதாகும்போது கையின் நடுக்கமும் எழுபது மடங்காகிறதல்லவா? ஆதலால் வாங்குமுன் குழலை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஆட்டம் இரண்டு மூன்று நொடிகளில் அடங்கினால் சரி, அடங்காவிட்டால் அடுத்த கடை.

நிலாவையும் கோள்களையும் காண இருண்ட வானம் தேவை என்பது பரவலான எண்ணம். அவை சூரிய ஒளியை எதிரொளித்துப் பளிச்சென்று தெரிகின்றன. கள்ளக்குறிச்சித் தெருவிளக்குகள் அவற்றை மறைப்பதில்லை. ஆகவே நம் முற்றத்திலும் இக்கருவி வேலை செய்யும். வளர்பிறை சஷ்டி முதல் தசமி வரையுள்ள மாலைகளே நிலாவுக்கு உகந்தவை. பௌர்ணமியன்று ஒளி நேராக விழுவதால் நிழல் இல்லை, நிழல் இல்லாததால் பள்ளங்கள் தெரிவதில்லை. அஷ்டமியன்று மாலை ஆறரை மணிக்கே நிலா உச்சியில் நிற்கும். ஏழரைக்குள் பார்த்துவிட்டு வீடு திரும்பிவிடலாம். "பெண்பிள்ளைகளுக்கு இராத்திரியில் என்ன வேலை" என்னும் பெற்றோர்களுக்கு இதைப் பணிவுடன் தெரிவித்துக் கொள்கிறோம். வடை சுடும் பாட்டியைத் தேடும் தங்கைகளுக்கும் ஒரு சொல்: வில்லைக் குழலின் மூலைக்கண்ணாடி வழியே பார்த்தால் இடம் வலமாக மாறித் தெரியும். பாட்டி மறுபக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பாள்.

வியாழனின் நான்கு நிலவுகள் இரவுக்கிரவு இடம் மாறுவதை ஒரு குறிப்பேட்டில் புள்ளியிட்டு வந்தால், ஒரு வாரத்தில் அது பாடப்புத்தகத்தை வென்றுவிடும். சனியின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்பு மட்டுமே நம் பக்கமாகத் திரும்பியது. அது மீண்டும் விரிந்து, 2032 வாக்கில் மிக நன்றாகத் தெரியும். இன்று ஆறாம் வகுப்பில் சேரும் தங்கை, பள்ளியை விட்டுப் போவதற்குள் அந்த விரிவை ஆண்டுதோறும் வரைந்து வைக்கலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். இக்கருவியால் சூரியனை ஒருபோதும் பார்க்கக் கூடாது, ஒரு கணம்கூட. கண்ணருகு வில்லையில் திருகிக்கொள்ளும் கருப்புக் கண்ணாடி ஒன்றைச் சிலர் இலவசமாகத் தருவார்கள். சூட்டில் அது வெடித்துவிடும், பார்வை போய்விடும். பெட்டியைப் பிரித்த அன்றே அதை உடைத்தெறிந்துவிட வேண்டும். மழைக்காலத்தில் வில்லையில் பூஞ்சை பிடிக்காமல், உலர்ந்த இடத்தில் வைத்துக் காப்பதும் நம் கடமை.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு, ஒரு நடுத்தரக் கைப்பேசியின் விலைக்குள் அடங்கும். தலைமைச் சகோதரி அவர்களும் பெற்றோர் ஆசிரியர் கழகமும் இசைந்தால், ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து வானம் தெளியும் தை மாதத்தில், வளர்பிறை அஷ்டமி வரும் வாரமே முதற் பயணத்துக்கு ஏற்றது. காலைப் பேருந்தில் ஆசிரியையுடன் மலையேறி, உறைவிடப் பள்ளியில் இரவு தங்கி, மறுநாள் திரும்பலாம். கருவியின் திறவுகோலை மட்டும் அலமாரிப் பொறுப்பாளரிடம் கொடுக்காமல், விடுதிக் காப்பாளரிடம் கொடுத்துவைக்க வேண்டுகிறோம்.