போலவரம்: முதலில் மறுவாழ்வு, பிறகு நீர்

பத்ராசலத்தைக் கடந்து, குனவரத்தில் சபரி நதியையும் சேர்த்துக்கொண்டு வரும் கோதாவரி, பாபி மலைகளுக்குள் நுழைந்ததும் சட்டெனக் குறுகிவிடுகிறது. இருபுறமும் மூங்கில் காடு போர்த்த மலைச்சரிவுகள். அந்த இடுக்கில், மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றூர்களில் ஒன்று பேரண்டப்பள்ளி. ராஜமுந்திரியிலிருந்தும் பத்ராசலம் பக்கத்திலிருந்தும் படகில் வரும் சுற்றுலாப் பயணிகள், கரையேறி, ஆசிரமத்தை வணங்கி, கொண்டா ரெட்டி பழங்குடியினர் செய்து விற்கும் மூங்கில் பொருள்களை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் படகுக்குத் திரும்பிவிடுவது வழக்கம். அவர்கள் எடுத்துச் செல்லும் புகைப்படங்களில் இந்த ஆற்றங்கரை ஊர்கள் சொர்க்கமாகத் தெரியும். அரசு ஆவணங்களில் இவற்றுக்கு வேறு பெயர். 'மும்பு' கிராமங்கள், அதாவது மூழ்கவிருக்கும் கிராமங்கள்.

இந்தப் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது என்பதுதான் போலவரம் அணை பற்றிய விவாதங்களில் அதிகம் பேசப்படாத செய்தி.

அணைக்கான யோசனை சுதந்திரத்துக்கு முந்தையது. ராமபாத சாகரம் என்ற பெயரில் 1940களிலேயே பேசப்பட்டது. 1980 இல் கோதாவரி நதிநீர்த் தகராறுத் தீர்ப்பாயம் அதற்கு வழி திறந்தது. 2005 இல் பணிகள் வேகமெடுத்தன. 2014 ஆந்திர மறுசீரமைப்புச் சட்டத்தின் 90ஆவது பிரிவு இதைத் தேசியத் திட்டமாக அறிவித்தது. முழுக் கொள்ளளவு 194.6 டிஎம்சி, பாசனம் 7.2 லட்சம் ஏக்கர், மின்சாரம் 960 மெகாவாட், கிருஷ்ணா படுகைக்கு 80 டிஎம்சி என்று அணையின் பயன்களை அதிகாரிகள் அடுக்குவார்கள். அவற்றை மறுப்பதற்கில்லை. ஆண்டுதோறும் பெரும் வெள்ளத்தைக் கடலில் கொட்டும் ஒரு நதியைத் தேக்க வேண்டும் என்று அண்டைப் பகுதிகளின் விவசாயிகள் விரும்புவதில் தவறும் இல்லை. காவிரியிலும் கொள்ளிடத்திலும் பணியாற்றிய பின் கோதாவரிக்குச் சென்ற ஆர்தர் காட்டன், 1852 இல் தவளேஸ்வரம் அணைக்கட்டை முடித்ததால்தான் அந்த டெல்டா செழித்தது. ஆனால் காட்டனின் அணைக்கட்டு தாழ்வானது. போலவரம் அப்படியல்ல. அதன் பின்னே நீர் மலை இடுக்கு வழியே ஒடிசா, சத்தீஸ்கர் எல்லை வரை எட்டும்.

அந்த நீர் எதுவரை எட்டும் என்பதை வரைபடத்தில் இரண்டு கோடுகள் காட்டுகின்றன. ஒன்று 41.15 மீட்டர். மற்றொன்று முழு நீர்மட்டமான 45.72 மீட்டர். இடையில் உள்ளது சுமார் பதினைந்து அடிதான். ஆனால் அந்தப் பதினைந்து அடிக்குள் பல பத்தாயிரம் குடும்பங்கள் இருக்கின்றன. ஆந்திர அரசின் கணக்குப்படி மொத்தம் 373 குடியிருப்புகள், 1,06,006 குடும்பங்கள் இடம்பெயர வேண்டும். திட்டம் தொடங்கியபோது சொல்லப்பட்ட எண்ணிக்கை நாற்பத்தைந்தாயிரத்துக்கும் குறைவு. முதலில் எண்ணியது குறைவு என்பதும் உண்மை, எண்ணி முடிப்பதற்குள் குடும்பங்கள் பெருகின என்பதும் உண்மை.

இரண்டு கோடுகள் ஏன் வந்தன? பொறியியல் காரணத்தைவிடப் பணக் காரணமே பெரிது. 2019 பிப்ரவரியில் மத்திய அரசின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு ஏற்ற திருத்திய மதிப்பீடு 55,548 கோடி ரூபாய். அதில் பாதிக்கும் மேற்பட்ட தொகை நிலம் கையகப்படுத்தவும் மறுவாழ்வுக்கும் தேவைப்படுவது. அணை கட்டுவதைவிட அணைக்காக ஊர்களை எழுப்புவதற்கே அதிகச் செலவு. ஆனால் 2014 விலை நிலவரப்படியான பாசனப் பகுதிச் செலவையே ஏற்போம், 20,398 கோடிக்கு மேல் இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2020 இல் கூறியது. மாநில அரசு எதிர்த்தது. கடிதங்கள் பறந்தன, குழுக்கள் கூடின. இறுதியில் இரண்டு கட்டம் என்ற ஏற்பாடு பிறந்தது. 2024 ஆகஸ்ட் 28 இல் மத்திய அமைச்சரவை, 41.15 மீட்டர் வரையிலான முதல் கட்டத்துக்கு 30,436 கோடி என்று மதிப்பிட்டு, மீதித் தொகையாகச் சுமார் 12,157 கோடிக்கு ஒப்புதல் தந்தது. கீழ்க்கோட்டுக்குள் இருப்பவர்களுக்கு இப்போது பணம். மேற்கோட்டுக்குள் இருப்பவர்களுக்கு? அதற்கு ஆண்டு குறிக்கப்படவில்லை.

கீழ்க்கோடாவது சரியாக வரையப்பட்டதா? 41.15 மீட்டருக்குள் 20,946 குடும்பங்கள்தான் வரும் என்று முதலில் சொன்னார்கள். பின்னர் லிடார் எனப்படும் வான்வழி லேசர் அளவை எடுத்தபோது, மேலும் 36 குடியிருப்புகளும் 16,642 குடும்பங்களும் அதே கோட்டுக்குள் இருப்பது தெரிந்தது. ஏறக்குறைய பாதிக் கணக்கு விடுபட்டிருக்கிறது. வெள்ளம் வரும்போது எந்த வீட்டுப் படி முதலில் நனையும், எந்த ஓடை பின்னோக்கிப் பாயும் என்பது ஆற்றங்கரையில் பிறந்த எந்தக் கிழவருக்கும் தெரியும். அவரைக் கேட்காமல் வரைந்த கோட்டை, விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சித் திருத்த வேண்டியிருந்தது.

2013 ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. பாசன, நீர்மின் திட்டங்களில் நிலம் மூழ்குவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே மறுவாழ்வு முழுமையாக முடிந்திருக்க வேண்டும் என்கிறது அதன் 38ஆவது பிரிவு. பட்டியல் பகுதிகளில் நிலத்தை எடுப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும், கிராம சபையின் முன் ஒப்புதல் வேண்டும் என்கிறது 41ஆவது பிரிவு. பாசனத் திட்டத்தால் நிலம் இழக்கும் பழங்குடியினருக்கு, இழந்த அளவு அல்லது இரண்டரை ஏக்கர், இதில் எது குறைவோ அந்த அளவு நிலம் தரப்பட வேண்டும் என்பதும் சட்டமே. சட்டம் வகுத்த வரிசை இது: முதலில் மறுவாழ்வு, பிறகு நீர்.

நடந்தது என்ன? அணை எழுவதற்கு முன்பே, அதைக் கட்டுவதற்காக ஆற்றின் குறுக்கே எழுப்பப்பட்ட தற்காலிகக் காப்பணை வந்துவிட்டது. 2019 ஆகஸ்டில் கோதாவரியில் வெள்ளம் வந்தபோது தேவிப்பட்டணம் வட்டாரத்து ஊர்கள் பல நீரில் நின்றன. காப்பணையே நீரைத் தேக்கிவிட்டது என்று மக்கள் குமுறினர். 2022 ஜூலை 16 அன்று பத்ராசலத்தில் நீர்மட்டம் 71 அடியைத் தாண்டியது. வேலேருபாடு, குக்குனூர், சிந்தூர், குனவரம், வரராமச்சந்திரபுரம் மண்டலங்களில் குடும்பங்கள் மலைமேட்டில் தார்ப்பாய்க்கு அடியில் நாள்களைக் கழித்தன. 1986 இல் அணை ஏதுமில்லாத காலத்திலேயே 75.6 அடி வந்ததுண்டே என்று அதிகாரிகள் சொல்வது பொய்யல்ல. கோதாவரி எப்போதும் கோபக்காரிதான். ஆனால் 1986 இல் மூழ்கிய வீட்டை மக்கள் மீண்டும் கட்டிக்கொண்டார்கள். 2022 இல் மூழ்கிய வீட்டைக் கட்டுவதா, வேண்டாமா என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. எப்படியும் காலி செய்ய வேண்டிய ஊர் என்று சொல்லியே இங்கெல்லாம் சாலையும் பள்ளிக்கட்டடமும் தள்ளிப்போடப்படுகின்றன. காலி செய்வதற்கான பணமும் தள்ளிப்போடப்படுகிறது.

இந்தக் காத்திருப்பின் விலையை அதிகம் செலுத்துவோர் இளைஞர்கள். சட்டப்படி 18 வயது நிறைந்த ஆணோ பெண்ணோ தனிக் குடும்பமாகக் கருதப்பட வேண்டும். எந்த நாளில் 18 நிறைந்திருக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். 2005 இல் தாயின் இடுப்பில் இருந்த குழந்தை இன்று இருபதைக் கடந்து, திருமணமாகி, தானும் ஒரு குழந்தைக்குத் தந்தையாக இருக்கலாம். பழைய கணக்கெடுப்பு நாளை வைத்துப் பார்த்தால் அவர் யாரோ ஒருவரின் மகன், அவ்வளவே. அவருக்கென்று வீடும் இல்லை, தொகையும் இல்லை. ஊரைக் காலி செய்யும் நாளையே வரையறை நாளாகக் கொள்ள வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. தாமதம் அரசினுடையது என்னும்போது அதன் பலனை அரசு எடுத்துக்கொள்வது முறையாகாது. பழங்குடிக் குடும்பத்துக்கு 6.86 லட்சம் ரூபாய் என்றிருந்த மறுவாழ்வுத் தொகையை 10 லட்சமாக உயர்த்தி 2021 இல் மாநில அரசு ஆணையிட்டது. ஆணைக்குப் பின் ஆட்சியும் மாறிவிட்டது. அந்தத் தொகை கேட்டு இன்னமும் மனுக்கள் எழுதப்படுகின்றன.

பணமே வந்தாலும், அது எதற்கு ஈடு? கொண்டா ரெட்டிகள் மலைச்சரிவில் காட்டை வெட்டி, எரித்துப் பயிரிடும் போடு விவசாயம் செய்பவர்கள். தேன், புளி, மூங்கில் எல்லாம் காடு தருவது. கூந்தற்பனையின் கள் அவர்களுக்கு வெறும் போதைப் பொருளன்று. சில மாதங்களில் அதுவே உணவு. பஞ்சக் காலத்தில் அந்த மரத்தின் சோற்றை இடித்துக் கஞ்சி காய்ச்சியவர்கள் அவர்கள். 1940களின் தொடக்கத்தில் இம்மலைகளில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் ஃபியூரர் ஹைமண்டார்ஃப், ஆற்றங்கரை ரெட்டிகள் மூங்கில் வியாபாரிகளின் கூலிகளாகிக் கடனில் சிக்கியிருந்ததை அப்போதே எழுதினார். அதாவது, வெளியுலகம் தொடாத பழங்காலச் சொர்க்கம் என்று இந்த ஊர்களைக் கற்பனை செய்வதும் தவறு. மருத்துவமனைக்குப் படகை எதிர்பார்த்துக் காத்திருக்கும் கர்ப்பிணிக்கு இந்த இயற்கை எழில் ஆறுதல் தராது. பலர் வெளியேறவே விரும்புகிறார்கள். நிலத்தோடு, சொந்தக்காரர்களோடு, ஒரே ஊராக வெளியேற விரும்புகிறார்கள்.

ஜங்காரெட்டிகூடம் அருகே தாடுவாய் போன்ற இடங்களில் வரிசை வரிசையாகக் கான்கிரீட் வீடுகள் எழுந்துள்ளன. வீடு வீடுதான். ஆனால் காடு அங்கிருந்து எவ்வளவு தூரம், கூந்தற்பனை எங்கே, ஆட்டை எங்கே மேய்ப்பது என்ற கேள்விகளுக்குக் குடியிருப்பு வரைபடத்தில் இடமில்லை. வெள்ளம் வடிந்ததும் வண்டல் படிந்த கரையில் விதைத்து எடுக்கும் நிலத்துக்குப் பட்டா கிடையாது. ஆகவே இழப்பீடும் கிடையாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. ஐந்தாவது அட்டவணைப் பகுதியில் பழங்குடியினரின் நிலத்தைப் பிறர் வாங்க முடியாதபடி ஆந்திரத்தின் 1970 ஆம் ஆண்டு நிலமாற்ற ஒழுங்குவிதி தடுக்கிறது. அட்டவணைப் பகுதிக்கு வெளியே குடியேற்றப்படும் குடும்பத்துக்கு அந்தக் காவல் இல்லை. கையில் கிடைத்த நிலம் சில ஆண்டுகளில் கைமாறிப் போகும்.

தில்லி இந்த மக்களை எப்படிப் பார்த்தது என்பதற்கு 2014 ஒரு சான்று. அந்த ஆண்டு ஏப்ரல் 30 அன்று இவர்கள் தெலங்கானா சட்டப்பேரவைக்கு வாக்களித்தார்கள். மே இறுதியில் புதிய மத்திய அரசு பிறப்பித்த அவசரச் சட்டம், கம்மம் மாவட்டத்தின் ஏழு மண்டலங்களை ஆந்திரத்தோடு சேர்த்தது. ஜூலையில், எதிர்ப்புக் குரல்களுக்கு நடுவே நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. மூழ்கும் பகுதி முழுவதும் ஒரே மாநிலத்தில் இருந்தால் மறுவாழ்வு எளிதாகும் என்பது அன்று சொல்லப்பட்ட வாதம். பத்தாண்டுகளுக்குப் பிறகும் அந்த எளிமை கண்ணில் படவில்லை. பத்ராசலத்தை ஒட்டிய ஐந்து ஊராட்சிகள் எங்களைத் தெலங்கானாவுக்கே திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கின்றன.

ஒடிசாவும் சத்தீஸ்கரும் தங்கள் ஊர்கள் மூழ்குவதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் நிற்கின்றன. தெலங்கானா, பின்னீர் எட்டும் அளவைப் புதிதாக ஆய்வு செய்யக் கோருகிறது. 2020 வெள்ளத்தில் அணையின் நிலத்தடிச் சுவர் சேதமடைந்தபோது, அதை ஆராய வெளிநாட்டு வல்லுநர் குழுவே வந்தது. அது வேண்டியதுதான். ஊர்களின் கணக்கை ஆராய அப்படியொரு குழுவை யாரும் அழைக்கவில்லை.

தமிழகத்துக்கு இதில் பங்கில்லை என்று இருந்துவிட முடியாது. கோதாவரி நீரைக் கிருஷ்ணா, பெண்ணாறு வழியே காவிரிக்குக் கொண்டுவரும் இணைப்புத் திட்டம் இங்கே கட்சி வேறுபாடின்றிப் பேசப்படுவது. அது போலவரத்திலிருந்து தொடங்கினாலும், மேலே இச்சம்பள்ளியிலிருந்து தொடங்கினாலும், நீர் தேங்கும் இடத்தில் ஒரு பழங்குடிக் கிராமம் இருக்கும். தண்ணீருக்காகக் குரல் கொடுப்பவர்கள் அந்தக் கிராமத்தின் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. உரிய காலத்தில் மறுவாழ்வு தரப்படாத திட்டங்கள் வழக்குகளில் சிக்கி எத்தனை பதின்ம ஆண்டுகள் நிற்கும் என்பதை நர்மதை காட்டியிருக்கிறது.

போலவரத்தில் இனிச் செய்ய வேண்டியது புதிய சட்டமன்று. 45.72 மீட்டர் வரையுள்ள குடும்பங்களுக்கும் காலவரையறை எழுத்தில் தரப்பட வேண்டும். அதுவரை அந்த ஊர்களுக்குச் சாலை, பள்ளி, மருத்துவ வசதி எதையும் நிறுத்தக் கூடாது. 41.15 மீட்டரில் நீரைத் தேக்குவதற்கு ஆறு மாதம் முன்னதாக, மறுவாழ்வு முடிந்தது என்ற சான்று வேண்டும். அந்தச் சான்றில் திட்ட அதிகாரிகள் மட்டும் கையெழுத்திட்டால் போதாது. ஒவ்வொரு கிராம சபையும் கூடி, பெயர்ப் பட்டியலைப் படித்துப் பார்த்து, அதன் பிறகு கையெழுத்திட வேண்டும்.