ஹாட்டி மெக்டேனியலுக்குப் போட்ட தனி மேசை

ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஹாட்டி மெக்டேனியல். விருதுக் காலம் வந்தால் இந்த வரியைப் பகிர்ந்து ஹாலிவுட்டுக்கு நற்சான்று கொடுக்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

1940 பிப்ரவரி 29. விழா நடந்த லாஸ் ஏஞ்சலிஸ் ஓட்டலுக்குள் கறுப்பினத்தவருக்கு அனுமதியில்லை. 'கான் வித் தி விண்ட்' தயாரிப்பாளர் செல்ஸ்னிக் கேட்டுக்கொண்டதால் உள்ளே விட்டார்கள். சக நடிகர்களோடு உட்கார அல்ல. சுவரோரம் போட்ட தனி மேசையில். தனிக் குவளை தெரிந்த நமக்கு இதற்கு விளக்கம் வேண்டுமா?

'வேலைக்காரியாகவே நடித்துத் தொலைத்தார்' என்பது இன்னொரு குற்றச்சாட்டு. அடிமைகளாக இருந்தவர்களின் மகள், எஜமானக் குடும்பத்தை நேசிக்கும் அடிமையாகத் திரையில் வந்தார். அந்தப் பிம்பம் அடிமைமுறைக்கு வெள்ளையடித்தது, மறுக்கவில்லை. ஆனால் வேறு வேடத்தை அவருக்கு யார் எழுதினார்கள்? கடைசியில் தொலைக்காட்சிக்கு வந்தபோதும் 'பியூலா' தொடரில் அதே வேலைக்காரிதான். கதை எழுதியவனை விட்டுவிட்டு, கூலிக்கு நடித்தவளை விசாரிப்பது என்ன நியாயம்?

நாம் பேசவேண்டிய ஹாட்டி திரைக்கு வெளியே இருக்கிறார். லாஸ் ஏஞ்சலிஸின் 'சுகர் ஹில்' பகுதியில் வீடு வாங்கிக் குடியேறினார். கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று அங்கே வெள்ளையர்கள் பத்திரத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். அதைக் காட்டி, இவர்களை வெளியேற்றச் சொல்லி வழக்குப் போட்டார்கள். ஹாட்டி ஒதுங்கிப் போகவில்லை. அங்கு குடியிருந்த மற்ற கறுப்பினத்தவரைத் தன் வீட்டில் கூட்டினார். நடிகைகள் லூயிஸ் பீவர்ஸும் எத்தல் வாட்டர்ஸும் அந்த வழக்கில் உடன் நின்றார்கள். வழக்கறிஞர் லோரன் மில்லர் வாதாடினார். அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தம் தரும் உரிமையைச் சுட்டி, 1945இல் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். இத்தகைய பத்திர நிபந்தனைகளை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 1948இல் தீர்ப்பளித்தது. ஆஸ்கரைவிட இதுதான் பெரிய வெற்றி. இதை யாரும் பகிர்வதில்லை!

1952இல் புற்றுநோயில் இறந்தார். ஹாலிவுட் கல்லறையில் தன்னைப் புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். வெள்ளையருக்கு மட்டும்தான் இடம் என்று மறுத்துவிட்டார்கள். ரோஸ்டேல் கல்லறையில்தான் இடம் கிடைத்தது. 1999இல் கல்லறையின் புதிய உரிமையாளர், உடலை அங்கே மாற்ற முன்வந்தார். குடும்பத்தார் வேண்டாம் என்றார்கள்.