சிறுபோட்டுக்கு முதலில் எது: ராடரா, ராடரில் தெரிவதா?

வன்னிக் கடலில் இரவில் தொழில் செய்யும் சிறுபோட் ஒன்றுக்கு ராடர் வாங்குவதென்றால் எதை வாங்குவது? வெளிநாட்டில் உள்ள உறவுகளும் ஊர்ச் சங்கங்களும் கடற்றொழிலாளருக்கு உதவ நினைக்கையில் எழக்கூடிய கேள்வி இது. என் பதில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். 18 முதல் 23 அடி வரையுள்ள பைபர் போட்டுக்கு இன்றைக்கு ராடர் வேண்டாம். மற்றவனுடைய ராடரில் நம் போட் தெரியும்படி செய்வதற்கே முதல் காசு போகவேண்டும்.   

ராடர் விற்பவரின் பெட்டியில் 24 மைல், 36 மைல் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அந்த எண்ணை நம்பி வாங்குவதுதான் முதல் பிழை. ராடர் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிறது. பூமியின் வளைவுக்கு அப்பால் அதற்குப் பெரிதாகப் பார்வை இல்லை. அன்ரெனாவின் உயரத்தையும் எதிரே உள்ள பொருளின் உயரத்தையும் மீற்றரில் எடுத்து, இரண்டின் வர்க்கமூலங்களையும் கூட்டி, 2.2ஆல் பெருக்கினால் கடல் மைலில் அதிகபட்சத் தூரம் வரும். சிறுபோட்டில் 3 மீற்றருக்கு மேல் கம்பம் நிறுத்துவது கடினம். அந்த உயரத்திலிருந்து 25 மீற்றர் உயரமுள்ள கப்பலை ஏறத்தாழ 15 மைலில் பிடிக்கலாம். கடல்மட்டத்திலிருந்து ஒரு மீற்றர் உயர்ந்து நிற்கும் இன்னொரு போட்டுக்குக் கணக்கு 6 மைல் என்று சொல்லும். அலைகள் திருப்பி அனுப்பும் இரைச்சலுக்குள் அது ஒன்றிரண்டு மைலுக்குள் வந்தபிறகு தெரிந்தாலே பெரிய காரியம். ஒன்றரை அடி அகல டோம் ராடரின் கதிர் சுமார் 5 பாகை விரிவது. ஒரு கடல் மைல் தூரத்தில் அந்தக் கதிரின் அகலம் 160 மீற்றர். அதற்குள் பக்கம் பக்கமாக நிற்கும் இரண்டு போட்டுகள் திரையில் ஒரே புள்ளிதான். கூட்டமாகத் தொழில் செய்யும் நாச்சிக்குடா, வலைப்பாடு, இரணைதீவுப் பக்கத்தில் அந்தப் புள்ளியை வைத்து என்ன முடிவெடுப்பது? போதாத ராடர் தகவலை வைத்து ஊகிக்கக்கூடாது என்று சர்வதேசக் கடல்மோதல் தவிர்ப்பு விதிகளின் 7ஆம் விதியே சொல்கிறது.

மின்சாரம் இன்னொரு தொல்லை. கயிறு இழுத்து ஸ்ரார்ட் செய்யும் பல எஞ்சின்கள் பற்றரியைச் சார்ஜ் செய்வதில்லை. புதிய வகை ராடர் 20 வாற்று அளவில் இயங்கினாலும், பத்து மணிநேரத் தொழிலுக்கு 12 வோல்ட் பற்றரியில் 17 அம்பியர் மணி போய்விடும். திரைக்குச் செலவாவது வேறு. உப்புத் தண்ணீர் தெறிக்கும் திறந்த போட்டில், வலை இழுக்கும் இருவரில் ஒருவர் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டும். இத்தனைக்கும் சாதனத்தின் விலை அமெரிக்கச் சந்தையிலேயே ஆயிரம் டொலரைத் தாண்டும்.

இனி மறுபக்கம். மோதலில் யாருக்கு யார் தெரியாமல் போகிறார் என்று பாருங்கள். சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகும் பெரிய கப்பல் பாக்கு நீரிணையால் போகமுடியாது, ஆழம் இல்லை. (2005இல் தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டம் இதை மாற்றத்தான் வந்தது, பாதியில் நின்றது.) அதனால் அப்படியான கப்பல்கள் இலங்கையின் கிழக்கே சுற்றிப் போகின்றன. முல்லைத்தீவு, அளம்பில், நாயாறு, கொக்கிளாய்க் கரைகளிலிருந்து தூரம் போகும் போட்டுக்காரர் இரவில் காணும் கப்பல்களில் இவையும் உண்டு. கப்பலில் பல கிலோவாற்று ராடர் இரவு பகலாகச் சுற்றுகிறது. ஆனால் பைபரை ராடர் அலை பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும். திரும்பிவருவது எஞ்சினில் பட்ட சிறு எதிரொலி மட்டுமே. 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் ஏபிஎல் லு ஹாவ்ர் என்ற சிங்கப்பூர்க் கப்பலும் பேப்பூரிலிருந்து போன மீன்பிடிப் படகும் மோதின. படகில் 14 பேர் இருந்தார்கள், தமிழ்நாட்டவர் பலர். உயிரோடு மீட்கப்பட்டவர்கள் இருவர். அது நம் பைபர் போட்டைவிடப் பெரிய படகு என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளவேண்டும்.

இதற்கான மருந்து ராடர் எதிரொலிப்பான். மூன்று அலுமினியத் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் கோத்தால் எட்டு மூலைக்குழிகள் கிடைக்கும். எந்தக் குழிக்குள் அலை புகுந்தாலும் வந்த திசைக்கே திரும்பும். கிளிநொச்சியில் உள்ள ஒரு தகரப் பட்டறையால் செய்யமுடியாத வேலை அல்ல, செங்கோணம் மட்டும் பிசகக்கூடாது. அளவில் கஞ்சத்தனம் கூடாது என்பதும் முக்கியம். நடு மூலையிலிருந்து நுனிவரை 20 சென்ரிமீற்றர் வைத்துச் செய்தால் சாதாரணக் கடல் ராடருக்கு அதன் எதிரொலிப் பரப்பு உச்சத்தில் 6.5 சதுர மீற்றர். அதையே 30 சென்ரிமீற்றராக்கினால் 33. தகடு ஒன்றரை மடங்கு நீள, பலன் ஐந்து மடங்காகிறது. நுனியில் கயிறு கட்டித் தொங்கவிடுவது பிழை. ஒரு குழி வானத்தைப் பார்க்கவேண்டும். மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கும் நிலையில் இறுக்கிக் கட்டவேண்டும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவை லேசானவை அல்ல. எதிரொலிப்பான் இருந்தும் பயனில்லாமல் போகலாம் என்பது முதலாவது. 2006 ஓகஸ்டில் இங்கிலாந்தின் வைற் தீவுக்கு அருகே ஊசோ என்ற பாய்ப்படகில் போன மூவர் இறந்தார்கள்; பெரிய பயணிகள் கப்பலொன்று மோதியோ அதன் அலையில் கவிழ்ந்தோ அது நடந்ததென விசாரணை கண்டது. அதையொட்டி நடந்த சோதனைகளில், கடைகளில் விற்கும் மெல்லிய குழாய் வடிவ எதிரொலிப்பான்கள் ஏறக்குறைய உதவாதவை என்று தெரியவந்தது. இந்தச் சான்று என் வாதத்தை அசைக்கிறது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அது சொல்வது சிறியதையும் மெல்லியதையும் நம்பாதே என்பதுதான். அதனால்தான் 30 சென்ரிமீற்றருக்குக் குறையவேண்டாம் என்கிறேன்.

இரண்டாவது மறுப்பு கனமானது. நம் மேற்குக் கடலில் பயம் கப்பலால் வருவதில்லை, இந்திய றோலரால் வருகிறது. கிழக்குக் கரையும் விலக்கல்ல: 2022 ஜனவரியில் வடமராட்சி கிழக்கில் வத்திராயனைச் சேர்ந்த தொழிலாளர் இருவர் கடலில் இறந்தபோது, றோலர் மோதியதே காரணம் என்று கடற்றொழிலாளர்கள் வீதிக்கு இறங்கினார்கள். றோலரில் ராடர் இருந்தாலும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது யார் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் நாம் ராடர் வாங்கினாலும் இது தீராது. றோலர்கள் வருவது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்குக் கேட்கிறது. விரித்த நண்டு வலையை அவை வருமுன் ஏற்ற நேரமில்லாததுதான் பிரச்சினை. அங்கே உயிருக்குக் காவல் வெளிச்சம். 12 மீற்றருக்குக் குறைந்த இயந்திரப் படகு இரவில் ஓடும்போது சுற்றிலும் தெரியும் வெள்ளை லைற்றையும் சிவப்பு, பச்சைப் பக்க லைற்றுகளையும் போடவேண்டும் என்பது விதி. கையிலுள்ள ரோர்ச் அந்தக் கணக்கில் சேராது. வலைக்கு வரும் அழிவு 2017இல் இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றிய இழுவைமடித் தடைச்சட்டத்தை நடைமுறைப்படுத்துவதில் தீரவேண்டியது. அதை எந்தக் கருவியும் தீர்க்காது.

மூன்றாவது மறுப்பு: கடற்படையின் கண்ணில் படச் சிலர் விரும்புவதில்லை. அனுமதியோடு தொழில் செய்பவருக்கு அதில் இழப்பில்லை. எஞ்சின் பழுதாகி நீரோட்டத்தில் போகும் நாளில் தேடி வருபவர் பார்ப்பதும் ராடர் திரையைத்தான்.

ராடர் யாருக்குமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அறையும் நிரந்தர பற்றரியும் முறை வைத்து விழித்திருக்க ஆட்களும் உள்ள பலநாட்கலத்துக்கு அது தேவை. அவர்கள் வாங்கும்போது மைல் எண்ணை மறந்துவிட்டுக் கதிரின் அகலத்தைக் கேட்கட்டும். பாகை குறையக் குறைய நல்லது. 50 மீற்றருக்குள் வந்ததையும் காட்டுமா, எத்தனை அம்பியர் இழுக்கும், பழுதானால் பார்க்க இலங்கையில் ஆள் உண்டா என்பவை அடுத்த கேள்விகள். கார்த்திகை, மார்கழி மழையில் திரை நிறைய இரைச்சல் வரும் என்பதையும் தெரிந்துகொண்டே வாங்கவேண்டும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் கடற்றொழில் திணைக்களத்துக்கும் கேட்பது இது: வருகிற வாடைக் காலத்துக்கு முன் ஒவ்வொரு போட்டிலும் ஒழுங்கான லைற்றும் 30 சென்ரிமீற்றர் எதிரொலிப்பானும் இருப்பதைப் பாருங்கள், வருடாந்த அனுமதிப் பத்திரம் புதுப்பிக்கும்போது அவற்றையும் சோதியுங்கள். உதவி செய்ய வரும் உறவுகளே, ஒரு ராடரின் விலையில் ஒரு கரையிலுள்ள போட்டுகள் பலவற்றுக்கு இவை இரண்டையும் பூட்டலாம்.