கிராஜுவிட்டி என்றால் இனாமா?

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு டீக்கடை. ஷிப்ட் விடும் நேரம். முப்பது வருஷம் தறி ஓட்டி ஓய்வு பெற்ற மூத்த தோழர் ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் நாலாக மடித்த காகிதம். பின்னால் அவருடைய இளைய மகன்.

"தோழரே, சின்னவனுக்கு வேலை கிடைச்சிடுச்சு. உல்லாசக் கப்பல்ல ரூம் சுத்தம் பண்ற வேலை. சம்பளத்தோட கிராஜுவிட்டியும் உண்டாம். நான் முப்பது வருஷம் உழைச்சு வாங்கினதை இவன் மொத மாசத்துலேயே வாங்கப் போறான்!"

காகிதத்தை வாங்கிப் படித்தேன். அடிப்படைச் சம்பளம் என்ற இடத்தில் ஒரு சின்னத் தொகை. கிராஜுவிட்டி என்ற இடத்தில் அதைப்போல் பல மடங்கு. அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: இது பிரயாணிகள் கொடுப்பதைப் பொறுத்தது.

அந்தப் பெரியவரின் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சொல்லாமல் இருப்பதும் நியாயமல்ல. ஒரே சொல்தான். ஆலையில் அதற்கு ஒரு பொருள், கப்பலில் வேறொரு பொருள். இந்த வித்தியாசத்தில் தொழிலாளி வர்க்கத்தின் ஒரு நூற்றாண்டுப் போராட்டமே அடங்கியிருக்கிறது.

கொடை உரிமையான கதை

'கிராஜுவிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதிப் பொருள், மனமுவந்து கொடுக்கும் அன்பளிப்பு. நம் நாட்டு முதலாளிகளும் ஆரம்பத்தில் அப்படித்தான் வைத்திருந்தார்கள். கிழவனாகிப் போகிற தொழிலாளிக்கு முதலாளி மனம் வைத்தால் ஏதோ கொடுப்பார். மனம் வைக்காவிட்டால் கும்பிடு போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். 'இது என் தர்மம்' என்றார் முதலாளி. 'இல்லை, இது நாங்கள் உழைத்துச் சேர்த்த கூலியின் மிச்சம்' என்றன சங்கங்கள். வேலைநிறுத்தங்கள் நடந்தன. நடுவர் மன்றங்களில் வழக்குகள் நடந்தன. கேரளத்தில் 1970-ம் ஆண்டுச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே மேற்கு வங்கமும் வழி செய்தது. 1972-ல் இந்தியா முழுமைக்கும் கிராஜுவிட்டிச் சட்டம் வந்தது. ஒவ்வொரு வருஷ வேலைக்கும் 15 நாள் சம்பளம். கேட்டு வாங்கும் பிச்சையல்ல, சட்டம் போட்டுத் தந்த உரிமை! 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆயினும் 15 நாள் கணக்கில் கைவைக்க அவர்களால் முடியவில்லை.

ஆக, நாம் கொடையை உரிமையாக்கினோம். கப்பல் கம்பெனிகள் செய்வது என்ன? அதற்கு நேர்மாறான காரியம். கொடுக்க வேண்டிய கூலியையே கொடையாக்கிவிட்டார்கள்!

கப்பலில் எப்படி நடக்கிறது?

முன்பெல்லாம் பிரயாணத்தின் கடைசி இரவில் பிரயாணிகள் உறையில் பணம் வைத்து, அறை சுத்தம் செய்தவனுக்கும் சாப்பாடு பரிமாறியவனுக்கும் கொடுப்பார்கள். இப்போது கம்பெனியே ஆள் கணக்கில், நாள் கணக்கில், பிரயாணியின் பில்லில் அதை ஏற்றிவிடுகிறது. ராயல் கரீபியன் கம்பெனி சாதாரண அறைப் பிரயாணிக்கு நாளொன்றுக்கு 18 டாலர் 50 சென்ட் என்று வைத்தது. கணவனும் மனைவியும் ஏழு நாள் போனால் 259 டாலர். மூவாயிரம் பேர் ஏறும் கப்பல் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் வசூல் மட்டும் 55,500 டாலர்!

இந்தப் பணம் யாருக்கு, எந்த விகிதத்தில் போகிறது? பணம் கட்டிய பிரயாணிக்கு அந்தக் கணக்கு காட்டப்படுவதில்லை. இன்னொரு விசித்திரமும் உண்டு. பல கப்பல்களில் பிரயாணி அலுவலக மேஜைக்குப் போய் 'எனக்கு இது வேண்டாம்' என்று சொன்னால் அந்தத் தொகையை நீக்கிவிடுவார்கள். நஷ்டம் யாருக்கு? கம்பெனிக்கு ஒரு சென்ட்கூட இல்லை. ஏழு நாள் கக்கூஸ் கழுவியவனுக்குத்தான் நஷ்டம்.

மில்லில் இப்படி நடந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முதலாளி பாதிக் கூலியைக் கொடுத்துவிட்டு, 'மிச்சத்தை வேட்டி வாங்குகிறவனிடம் கேள். அவனுக்கு நெசவு பிடித்திருந்தால் கொடுப்பான்' என்று சொன்னால் சும்மா இருப்போமா?

தேசத்துக்குத் தேசம் வேறு

'இனாம் கொடுப்பது உலக வழக்கம்' என்று கம்பெனிக்காரர்கள் சொல்கிறார்கள். அது பொய். உலகம் முழுதும் ஒரே வழக்கம் இல்லை.

ஜப்பானில் பரிமாறியவரிடம் மேல்பணத்தை நீட்டினால் வாங்கமாட்டார். பிரான்சில் 1933 ஜூலை 19-ம் தேதியச் சட்டம் ஒன்று உண்டு. சேவைக்கென்று வாடிக்கைக்காரரிடம் முதலாளி வசூலிக்கும் பணம் முழுவதும் தொழிலாளிக்கே போய்ச் சேர வேண்டும் என்பது அந்தச் சட்டம். இன்று அங்கே ஓட்டல் விலைப்பட்டியலில் சேவைக்கும் சேர்த்தே விலை போட்டிருக்கும். அதற்கு மேல் கொடுப்பதுதான் 'புர்புவார்'. குடிப்பதற்கு என்று அர்த்தம். ருஷ்யாவில் அதையே 'தேநீருக்கு' என்பார்கள். நம் ஊரிலும் 'டீ குடிக்க வெச்சுக்கோ' என்கிறோம் அல்லவா? டீ குடிக்கத் தரும் காசு டீயோடு நின்றால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அதைக்கொண்டே அரிசி வாங்கு என்பதுதான் அக்கிரமம்.

அந்த அக்கிரமத்தின் தலைநகரம் அமெரிக்கா. அங்கே இனாம் பெறும் தொழிலாளிக்கு மத்திய சர்க்காரின் சட்டப்படி முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991-ல் வைத்தது, அதன் பிறகு ஏறவே இல்லை. மற்றத் தொழிலாளிக்கு 7 டாலர் 25 சென்ட்.

இதன் வேர் எங்கே இருக்கிறது? அடிமைமுறை ஒழிந்த பிறகு, புல்மன் என்ற முதலாளி தன் தூங்கும் வசதி ரயில் பெட்டிகளில் விடுதலை பெற்ற கறுப்பு மக்களை வேலைக்கு வைத்தான். அற்பச் சம்பளம், மீதிக்குப் பிரயாணிகளிடம் கையேந்த வேண்டும். பிரயாணிகள் அவர்களைச் சொந்தப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரால் எல்லோரையும் 'ஜார்ஜ்' என்றே அழைத்தார்கள். அந்த ஜனங்கள் 1925-ல் சங்கம் கட்டினார்கள். பிலிப் ராண்டால்ப் தலைமையில் பன்னிரண்டு வருஷம் போராடி 1937-ல் கம்பெனியைக் கையெழுத்துப் போட வைத்தார்கள். சம்பளம் உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது.

கப்பல் விஷயத்துக்கு வருவோம். பிரிட்டனில் பி அண்டு ஓ கம்பெனி 2019 மே முதல் தினசரி இனாமை எடுத்துவிட்டுக் கட்டணத்திலேயே சேர்த்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து புறப்படும் பல கப்பல்களிலும் அப்படியே. அமெரிக்கக் கரையில் ஆள் கணக்கில் தனி வசூல் செய்யும் கம்பெனிகளே அங்கே கட்டணத்தில் அடக்கிக்கொள்கின்றன. அதே கம்பெனி, அதே வேலை. கரை மாறினால் 'உலக வழக்க'மும் மாறிவிடுகிறது! எந்தக் கரையில் எதை ஜனங்கள் சகித்துக்கொள்வார்களோ அதுவே அங்கே வழக்கம். இதை நன்றாக மனத்தில் வைக்க வேண்டும்.

யார் சட்டம்?

'கப்பல் தொழிலாளிக்குச் சட்டமே இல்லையா?' என்று கேட்பீர்கள். கார்னிவல் கம்பெனி பனாமாவில் பதிவானது; ராயல் கரீபியன் லைபீரியாவில் பதிவானது. இரண்டின் தலைமை அலுவலகமும் அமெரிக்காவின் மயாமியில். கப்பல்களில் பறப்பது பெரும்பாலும் பனாமா, பஹாமாஸ் கொடிகள். அமெரிக்கக் கொடி பறக்காத கப்பலின் மாலுமிக்கு அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் செல்லாது. அந்த 2 டாலர் 13 சென்ட் சட்டம்கூட இவர்களுக்கு இல்லை!

செலிப்ரிட்டி கம்பெனிக் கப்பலில் அறை சுத்தம் செய்த ஒரு தொழிலாளி, தனக்கு வந்த இனாமிலிருந்தே உதவியாளுக்கும் பங்கு கொடுக்கக் கம்பெனி நிர்ப்பந்திக்கிறது என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டார். 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னது? ஒப்பந்தத்தில் மத்தியஸ்தம் என்று எழுதியிருக்கிறது. அங்கே போ என்று சொல்லிவிட்டது. நியாயம் எது என்ற கேள்விக்கே அந்த நீதிமன்றம் வரவில்லை.

2006-ம் ஆண்டின் சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்பாடு என்று ஒன்று உண்டு. இந்தியா 2015-ல் அதை ஏற்றுக்கொண்டது. எட்டு மணி நேர வேலையே முறை என்று அதுவும் சொல்கிறது. ஆனால் நாளில் 14 மணி நேரமும் வாரத்தில் 72 மணி நேரமும் வேலை வாங்க அதுவே இடமும் கொடுக்கிறது. புதுவைத் தொழிலாளிக்கு இது எப்படிப்பட்ட செய்தி! எட்டு மணி நேர வேலை கேட்டு 1936 ஜூலை 30-ல் சவானா ஆலையில் பிரெஞ்சுத் துப்பாக்கிக்குப் பன்னிரண்டு தோழர்கள் பலியான மண் இது. 1937-ல் சட்டமாக வாங்கிய அந்த எட்டு மணி நேரம், அவர்களுடைய பேரன் கப்பலேறியதும் கரையிலேயே நின்றுவிடுகிறது.

'வரும்படி நல்லாத்தானே இருக்கு?'

இதையெல்லாம் கேட்ட அந்தப் பையன் சொன்னான்: "தோழரே, இங்க ஓட்டல்ல வாங்குறதைவிட அங்க ரெண்டு மூணு மடங்கு கிடைக்கும். ஏ.எப்.டி.யும் இல்ல, சுதேசியும் இல்ல, பாரதியும் இல்ல. நான் எங்க போவேன்?"

நியாயமான கேள்வி. ஏ.எப்.டி. ஆலையை 2020 ஏப்ரல் 30-ல் இழுத்து மூடிய ஊர் இது. கப்பல் சம்பாத்தியத்தில் தங்கைக்குக் கல்யாணம் செய்தவர்கள் உண்டு. கூரையை ஓடாக்கியவர்கள் உண்டு. போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. இனாம் வாங்குகிறவனைக் கேவலமாகப் பேசுகிறவனும் தொழிலாளியின் நண்பன் அல்ல.

ஆனால் அந்த வரும்படி எதன்மேல் நிற்கிறது? 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. உல்லாசக் கப்பல்கள் நின்றன. பிரயாணி இறங்கிப் போனான். அவனோடு இனாமும் இறங்கிப் போயிற்று. ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் ஊருக்கு வரவும் வழியில்லாமல் மாதக்கணக்கில் நடுக்கடலில் கிடந்தார்கள். ஆறு மாதமோ ஒன்பது மாதமோ ஒப்பந்தம். அது முடிந்தால் கணக்கும் முடிந்தது. இருபது வருஷம் கழித்து இடுப்பு ஒடிந்து கரைக்கு வரும்போது 15 நாள் கணக்குப் போட்டுத் தர அங்கே யார் இருக்கிறார்கள்?

வயல் வேலைத் தோழர்களுக்கு இது புதிதல்ல. களத்துமேட்டில் அளந்து போடும் கூலியைக் குறைத்துவிட்டு, கடைசியில் பதரோடு ஒரு மரக்கால் அள்ளிப்போட்டு, 'என் கையால் கொடுத்தேன்' என்று ஆண்டை பெருமை பேசியதை நம் பாட்டன்மார் கண்டிருக்கிறார்கள். அந்த மரக்காலுக்காக அவர்கள் போராடவில்லை. அளந்து போடும் கூலிக்காகப் போராடினார்கள். கூலி நெல்லை உயர்த்திக் கேட்டுச் சங்கமாக நின்றதற்காகத்தான் 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேரை உயிரோடு கொளுத்தினார்கள். இனாம் கேட்டால் எந்த ஆண்டைக்கும் கோபம் வராது. கூலி கேட்டால்தான் கோபம் வரும்!

கேட்க வேண்டிய கேள்வி

2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கார்டிலியா கப்பல் புதுவைக்கு வந்தபோது அனுமதி மறுக்கப்பட்டது. 2025 ஜூலை 4-ல் வந்தது. பிரயாணிகளைப் படகில் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சூதாட்டம் வருமா, பண்பாடு கெடுமா என்று விவாதம் நடந்தது. நடக்கட்டும். ஆனால் அந்தக் கப்பலில் தட்டுக் கழுவுகிறவனுக்கு என்ன கூலி, எத்தனை மணி வேலை என்று ஒருவர் கேட்டதாக என் காதில் விழவில்லை.

கரையில் மட்டும் என்ன வாழ்கிறது? ஓட்டல் பில்லில் கட்டாயச் சேவைக் கட்டணம் கூடாது என்று 2022 ஜூலை 4-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. 2025 மார்ச் 28-ல் தில்லி உயர்நீதிமன்றம் அதை ஆதரித்துத் தீர்ப்பளித்தது. சாப்பிட வந்தவருக்கு நியாயம் கிடைத்தது, சரி. பரிமாறியவருக்கு? அவருடைய கூலி உயர்ந்தால்தானே அது முழு நியாயம்!

ஆகவே நம் கோரிக்கை எளியது. ஒருவன் வயிறு வளர்க்கப் போதுமான கூலியை வேலைக்கு வைத்தவன் கொடுக்க வேண்டும். அது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். கப்பல் கட்டணத்திலேயே சேவை அடங்க வேண்டும். அதற்கு மேல் பிரயாணி அன்பாகக் கொடுத்தால் அது முழுவதும் தொழிலாளிக்கு. சம்பளக் கணக்கில் கழிக்கக்கூடாது. அதுவரை, ஓட்டலில் சாப்பிடும் நம் தோழர் யாரும் கொள்கை பேசி இனாமை நிறுத்திவிடவேண்டாம். அடி முதலாளிமேல் விழாது, பரிமாறியவர்மேல்தான் விழும்.

கப்பலுக்குப் போகிற பிள்ளைகளுக்கு மூன்று வார்த்தை. ஆள் எடுக்கும் ஏஜெண்டிடம் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை வாங்கித் தரத் தொழிலாளியிடம் அவர் பணம் வாங்குவது சட்டவிரோதம்; ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கையெழுத்துப் போடுமுன், பிரயாணி ஒரு காசும் தராவிட்டால் மாதம் எவ்வளவு கிடைக்கும் என்று கேளுங்கள். அதுதான் உங்கள் சம்பளம். மற்றதெல்லாம் காற்று அடிக்கும் திசை.

பெரியவர் காகிதத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் பொடி எழுத்தை மறுபடி பார்த்தார். பிறகு மகனிடம் சொன்னார்: "போய்ட்டு வா. ஆனா அங்க சங்கம் இருக்கான்னு மொதல்ல கேளு."

முப்பது வருஷம் தறி ஓட்டிய கைக்குத் தெரியும், கிராஜுவிட்டி எப்படி வருகிறது என்று.