யுத்தக் கொள்கையும் தளபதிகளின் பகிரங்க விமர்சனமும்

அரசாங்கம் தீர்மானித்து நடத்தும் யுத்தத்தைப் பதவியிலிருக்கும் இராணுவத் தளபதி பகிரங்கமாக விமர்சிக்கலாமா என்ற கேள்வி 2006 ஒக்டோபரில் பிரித்தானியாவில் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. தரைப்படைத் தளபதியாகப் பொறுப்பேற்று இரண்டு மாதங்கள்கூட நிறைவடையாத நிலையில், ஜெனரல் சேர் ரிச்சர்ட் டனற் 'டெய்லி மெயில்' பத்திரிகைக்குப் பேட்டியளித்தார். ஈராக்கில் பிரித்தானியப் படையினர் நிலைகொண்டிருப்பது பாதுகாப்புப் பிரச்சினைகளை மேலும் மோசமாக்குகிறது என்றும், அவர்கள் விரைவில் வெளியேற வேண்டும் என்றும் அதில் அவர் கூறினார். படைகளை அங்கு வைத்திருக்க வேண்டுமென வாதிட்டுவந்த பிரதமர் டொனி பிளேயருக்கு அது பேரிடியாக அமைந்தது.

எனினும் தளபதி பதவி நீக்கப்படவில்லை. அவர் பின்னர் வானொலியில் அளித்த விளக்கத்தின் ஒவ்வொரு வார்த்தையையும் தாம் ஏற்றுக்கொள்வதாகப் பிளேயர் அறிவித்தார். பேரழிவு ஆயுதங்கள் பற்றிய குற்றச்சாட்டு பொய்த்துப்போய், மக்களின் நம்பிக்கையை இழந்திருந்த பிரதமருக்கு அவரை நீக்கும் துணிவு இருக்கவில்லை என்றே கருத வேண்டியுள்ளது. யுத்தத்தை எதிர்த்தோர் தளபதியைப் பாராட்டினர். ஈராக்கிய மக்களின் துயரத்தைக் கண்டு மனம் வெதும்பியிருந்த முஸ்லிம்களுக்கும் அவரது வார்த்தைகள் ஆறுதலளித்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

ஆனால், அதே பேட்டியின் மறுபகுதியை அன்று பலரும் கவனிக்கத் தவறிவிட்டனர். பிரித்தானிய சமூகத்தில் ஒழுக்க, ஆன்மீக வெற்றிடம் ஏற்பட்டுள்ளது என்றும், இஸ்லாமியவாத அச்சுறுத்தல் அதனால் வலுப்பெற்றுவிடக் கூடாது என்றும் அவர் அதில் கவலை வெளியிட்டிருந்தார். யூத - கிறிஸ்தவ மரபையும் அவர் வலியுறுத்தினார். ஒரு நாட்டின் ஆன்மீக நிலைமையைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது தரைப்படைத் தளபதியின் கடமையா? யுத்தம் பற்றிய அவரது கருத்தை வரவேற்றவர்கள், சமூகத்தைப் பற்றிய அவரது கருத்தை மட்டும் எந்த அடிப்படையில் ஆட்சேபிக்க முடியும்?

இதன் பொருளை இந்நாட்டுத் தமிழ், முஸ்லிம் மக்களுக்கு விளக்கிக்கூற வேண்டியதில்லை. 2008 செப்டெம்பரில் அப்போதைய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா கனடாவின் 'நஷனல் போஸ்ட்' பத்திரிகைக்கு அளித்த பேட்டியில், இந்த நாடு சிங்களவர்களுக்கு உரியது எனத் தாம் உறுதியாக நம்புவதாகவும், சிறுபான்மையினர் தகாத கோரிக்கைகளை முன்வைக்கக் கூடாது எனவும் தெரிவித்திருந்தார். அதன் பின்னரும் அவர் பதவியில் நீடித்தார். (2010 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸும் அவரையே ஆதரிக்க நேர்ந்தமை வேறு கதை.)

சீருடையில் இருப்பவர் அரசியல் பேசும்போது அது எப்போதும் சமாதானத்தின் பக்கமே நிற்கும் என எதிர்பார்க்க முடியாது. கொரிய யுத்தத்தின்போது ஜெனரல் மக் ஆர்தர், ஜனாதிபதி ட்ரூமனின் கொள்கையைப் பகிரங்கமாக எதிர்த்தது யுத்தத்தைச் சீனாவுக்கும் விரிவுபடுத்தவேயாகும். 1951 ஏப்ரலில் ட்ரூமன் அவரைப் பதவி நீக்கியபோது, அமெரிக்க மக்களில் பெரும்பாலானோர் தளபதியின் பக்கமே நின்றனர். டனற் விடயத்தில் மற்றொரு சங்கடமும் பின்னர் தோன்றியது. தளபதிப் பதவியிலிருந்து விலகி இரண்டு மாதங்களுக்குள், 2009 ஒக்டோபரில், கொன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் டேவிட் கமரூன் அவரைத் தமது பாதுகாப்பு ஆலோசகராக்கப் போவதாக அறிவித்தார். பதவிக்காலத்தில் அவர் கூறியவை அனைத்தும் அதன்பின் சந்தேகக் கண்ணோடு நோக்கப்பட்டன.

அப்படியாயின் தளபதிகள் வாய்மூடி இருக்க வேண்டுமா என்றால், அதுவும் ஏற்கத்தக்கதல்ல. மக்கள் பிரதிநிதிகள் கேட்கும்போது அவர்கள் உண்மையைக் கூறியே ஆகவேண்டும். 2003 பெப்ரவரியில் அமெரிக்கத் தரைப்படைத் தளபதி எரிக் ஷின்செகி, செனட் குழுவில் எழுப்பப்பட்ட கேள்விக்குப் பதிலளிக்கையில், ஈராக்கைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கப் பல இலட்சம் படையினர் தேவைப்படலாம் என்றார். அவர் பேட்டி கொடுக்கவில்லை, அறிக்கை விடவில்லை. கேட்டதற்குப் பதிலளித்தார், அவ்வளவுதான். இரண்டு நாட்களில் பிரதிப் பாதுகாப்புச் செயலாளர் போல் வொல்போவிட்ஸ் அதனை முற்றிலும் தவறான மதிப்பீடு என நிராகரித்தார். ஷின்செகி கூறியது சரியே என்பதை 2006 நவம்பரில் ஜெனரல் அபிசெய்ட் அதே செனட் குழுவின் முன்னிலையில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

பிரித்தானியாவில் அத்தகைய கேள்வி உரிய வேளையில் கேட்கப்படவில்லை. யுத்தம் சட்டபூர்வமானது என்ற திட்டவட்டமான உறுதிமொழியை முப்படைகளின் பிரதானி அட்மிரல் மைக்கல் பொய்ஸ் மூடிய கதவுகளுக்குள் கோரிப் பெற்றமை பின்னரே வெளியாகியது. 2003 மார்ச் 7 இல் சட்டமா அதிபர் வழங்கிய முழுமையான ஆலோசனையில் ஐயங்கள் குறிப்பிடப்பட்டிருந்தன. மார்ச் 18 இல் பாராளுமன்றம் 149 இற்கு எதிராக 412 வாக்குகளால் யுத்தத்தை அங்கீகரித்தபோது, அந்த ஆலோசனை உறுப்பினர்களுக்கு வழங்கப்பட்டிருக்கவில்லை. அது வெளியிடப்பட்டது 2005 ஏப்ரலில்தான்.