புளி போட்டுத் தேய்த்தால் போதுமா?

பரணில் கிடந்த பித்தளை ஸ்டவ்வைப் பலர் இப்போது கீழே இறக்குகிறார்கள். புளி போட்டுத் தேய்க்கிறார்கள். தங்கம் போல மின்னுகிறது. உடனே மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைக்கிறார்கள்.

அது தவறு. ஸ்டவ்வின் உயிர் பளபளப்பில் இல்லை, உள்ளே இருக்கிறது.

1892-ல் சுவீடன் நாட்டில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் உருவாக்கிய அடுப்பு இது. திரி கிடையாது. பம்பு அடித்தால் தொட்டியில் காற்று அழுத்தம் ஏறும். அது எண்ணெயைச் சூடான பர்னருக்குத் தள்ளும். எண்ணெய் ஆவியாகி, ஊசிமுனைத் துளை வழியே சீறி வந்து நீலமாக எரியும்.

காற்று ஏறவில்லையா? தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். எண்ணெயில் ஊற வைத்து, விளிம்பை விரலால் விரித்து விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதற்காகவா ஸ்டவ்வைப் பழைய பித்தளை விலைக்குப் போடுவது!

துளை அடைத்தால் அதற்குரிய பின்னால்தான் குத்த வேண்டும். தடித்த கம்பியை விட்டால் துளை பெரிதாகும். பிறகு மஞ்சள் சுடர்தான், பாத்திரமெல்லாம் கரிதான்.

புளி நல்லதே. தேய்த்ததும் கழுவித் துடைத்துவிட வேண்டும். ஆனால் அம்மோனியா கலந்த பாலிஷ் வேண்டாம். வெள்ளையர் ஆட்சியில் இந்தியாவில் இருந்த பட்டாளத்துக்கு ஒரு தொல்லை வந்தது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவே காரணம் என்று 1921-ல் விளக்கம் கிடைத்தது. தோட்டாவை உடைத்தது தொட்டியை விடுமா?

தொட்டியில் விரிசலா? பற்றுவைத்த இடம் விட்டிருக்கிறதா? மூடியில் எண்ணெய் கசிகிறதா? அப்படியானால் பற்ற வைக்கவே கூடாது. ‘சோப்பை அப்பிச் சமாளிக்கலாம்’ என்பது சிக்கனம் அல்ல, விபரீதம். ஸ்டவ் வெடித்துக் கருகிய பெண்கள் எத்தனை பேர்! (ஸ்டவ் வெடித்ததாகச் சொல்லி மறைத்த கொலைகளும் உண்டு. அது வேறு கொடுமை.)

விரிசல் கண்ட ஸ்டவ் அலமாரியில் அழகுக்கு இருக்கட்டும். வைக்கும் முன் பம்புத் தண்டைக் கழற்றித் தனியே எடுத்துவிட வேண்டும். தீப்பெட்டி எட்டும் உயரத்தில் பிள்ளைகள் வளர்கிறார்கள்.