சங்கீதம் சோறு போடுமா?

"சங்கீதம் சோறு போடுமா?" என்று கேட்காத தகப்பனார் உலகத்தில் எந்தத் தேசத்திலும் இல்லை என்பது நமது திடமான அபிப்பிராயம். பிள்ளை பெரிய உத்தியோகஸ்தனாக வேண்டும் என்று மனக்கோட்டை கட்டியிருப்பவர், அவன் திண்ணையில் உட்கார்ந்து தாளம் போடுவதைக் கண்டால் வேறு என்னதான் கேட்பார்? ஆனால் கேட்பவர்கள் அத்தனை பேரும் கோபத்தில் கேட்கிறார்களே தவிர, நிதானமாக உட்கார்ந்து விடை தேடுகிறவர்கள் சொற்பம். இந்த வாரம் அந்த விடையைத் தேடி நாம் வெகு தூரம் போகப் போகிறோம். நேயர்களும் உடன் வரவேண்டும். கப்பல் கட்டணம் கிடையாது.

நாம் போகும் இடம் ஜமைக்கா. கரிபியன் கடலில், கியூபாவுக்குத் தெற்கே இருக்கும் தீவு. முந்நூறு வருஷங்களுக்கு மேல் பிரிட்டிஷார் கையில் இருந்துவிட்டு, 1962-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி சுதந்திரம் அடைந்த தேசம். கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்களின் சந்ததியாரே அங்கே பெரும்பான்மையோர். அடிமை வியாபாரம் ஒழிந்து, அடிமைகளும் விடுதலை பெற்ற பிறகு, 1845 முதல் நமது தேசத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளை அங்கே கப்பலேற்றினார்கள். ஆகவே அந்தத் தீவின் சுகதுக்கம் நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல.

தலைநகரமான கிங்ஸ்டனில் ஆல்பா என்றொரு ஸ்தாபனம் உண்டு. 1880-ல் ஜெஸ்ஸி ரிப்போல் என்ற அம்மாள் இரண்டு தோழியருடன் சேர்ந்து நிலம் வாங்கி, ஓர் அநாதாசிரமமாக அதைத் தொடங்கினாள். பத்து வருஷத்துக்குப் பிறகு கத்தோலிக்கக் கன்னிகாஸ்திரீகள் அதை ஏற்று நடத்த வந்தார்கள். தாய் தகப்பன் இல்லாத பையன்கள், இருந்தும் சோற்றுக்கு வழியில்லாத பையன்கள், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுத் தெருவில் திரிந்த பையன்கள் எல்லாரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். தச்சு வேலை, தையல், அச்சுக்கோத்தல், செருப்புத் தைத்தல், தோட்ட வேலை ஆகியவற்றைக் கற்றுக் கொடுத்தார்கள். அந்த வரிசையில்தான் பாண்டு வாத்தியமும் இருந்தது!

இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். அங்கே சங்கீதத்தை ஸரஸ்வதி கடாக்ஷம் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. தச்சனுக்கு உளி போல், தையற்காரனுக்கு ஊசி போல், இந்தப் பிள்ளைக்கு ஒரு டிரம்பெட் என்று கையில் கொடுத்தார்கள். நன்றாக ஊதத் தெரிந்தால் ராணுவ பாண்டில் உத்தியோகம் கிடைக்கும், அவ்வளவுதான் உத்தேசம். ஆனால் ஸிஸ்டர் மேரி இக்னேஷியஸ் டேவிஸ் என்ற கன்னிகாஸ்திரீயின் மனத்தில் அதற்கு மேலும் ஏதோ இருந்திருக்க வேண்டும். 1921-ல் பிறந்து 2003-ல் காலமான இந்த அம்மாள், தம் ஆயுளில் பெரும் பகுதியை அந்தப் பிள்ளைகளிடையே கழித்தார். இசைத்தட்டுக்களைத் தேடித் தேடிச் சேகரித்துப் பையன்களுக்குப் போட்டுக் காட்டினார். துறவு பூண்ட அம்மாள் ஒருத்தி அநாதைப் பிள்ளைகளைச் சுற்றிலும் உட்கார்த்தி வைத்துக்கொண்டு ஜாஸ் சங்கீதம் கேட்கும் காட்சியை நேயர்கள் மனக்கண்ணால் பார்க்க வேண்டும்.

ஜாஸ் என்பது அமெரிக்காவின் கறுப்பு ஜனங்கள் படைத்த சங்கீதம். ஒரு மெட்டை எல்லாரும் சேர்ந்து வாசித்துவிட்டு, பிறகு ஒவ்வொருவராக அதைத் தம் கற்பனைக்கு ஏற்ப விஸ்தரிப்பார்கள். மனோதர்மம் என்று நாம் சொல்லும் சரக்கு இல்லாதவனுக்கு அங்கே வேலையில்லை. அந்த ஆல்பா பிள்ளைகளிடம் அந்தச் சரக்கு ஏராளமாக இருந்தது.

அப்படிப்பட்ட ஒரு பிள்ளை 1950-ம் வருஷத்தையொட்டி வெளியே வந்து எப்படி ஜீவனம் நடத்தினான்? இரவில் கிளப்புகளில் வேலை. கிங்ஸ்டனில் போர்ன்மத் கிளப், கிளாஸ் பக்கெட் கிளப் முதலிய இடங்களில் எரிக் டீன்ஸ் போன்றவர்களுடைய பெரிய கோஷ்டிகள் வாசித்தன. அமெரிக்காவில் அச்சான ஸ்வரக் காகிதங்களை எதிரே வைத்துக்கொண்டு, நடனம் ஆடுகிறவர்களின் காலுக்கு ஏற்ப வாசிக்க வேண்டும். பனிக்காலத்துக்குப் பயந்து அமெரிக்கப் பிரயாணிகள் வந்து குவியும் மாதங்களில் வடகரை ஹோட்டல்களில் வேலை. 1956-ல் ஹாரி பெலபான்டே பாடிய 'கலிப்ஸோ' இசைத்தட்டு அமெரிக்காவில் பிரமாதமாக விற்றதற்குப் பிறகு, வந்த பிரயாணிகளுக்கெல்லாம் அதே தினுசுப் பாட்டுத்தான் வேண்டியிருந்தது. மனத்துக்குள் ஜாஸை வைத்துக்கொண்டு, தலையில் வைக்கோல் தொப்பியை வைத்துக்கொண்டு வாசிக்கும் நிலைமை! விருந்தாளிகள் தூங்கப் போன பிறகுதான் வித்வான்கள் தங்களுக்காகத் தாங்கள் வாசித்துக்கொள்ள முடிந்தது. கிங்ஸ்டன்காரர்களில் சிலர் வாரைக்கா குன்றுகளுக்குப் போய், கவுண்ட் ஆஸி என்பவருடைய ராஸ்தபாரிக் கூட்டத்தாரின் மேளங்களோடு சேர்ந்து விடிய விடிய வாசிப்பார்கள். அதற்குக் கூலி கிடையாது. ஆனால் அவர்கள் நெஞ்சார வாசித்தது அங்கேதான்.

இதற்கிடையில் ஒரு யந்திரம் வந்து சேர்ந்தது. இரண்டு மூன்று ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி, இசைத்தட்டுக்களைப் போட்டு ஊரையே ஆடவைக்கும் 'ஸவுண்டு ஸிஸ்டம்' என்ற ஏற்பாடு. பதினைந்து பேர் கொண்ட கோஷ்டிக்குக் கூலியும் சாப்பாடும் கொடுப்பதைவிட ஒரு பெட்டிக்காரனுக்குக் கொடுப்பது லாபமல்லவா? ஏழை ஜனங்கள் பெட்டியைச் சூழ்ந்தார்கள். கோஷ்டிகள் தேயத் தொடங்கின.

ஆனால் விதியின் விளையாட்டைப் பாருங்கள். பெட்டிக்காரர்களுக்கு வேண்டிய பழைய தினுசு அமெரிக்கத் தட்டுக்கள் வருவது குறைந்தபோது, அவர்களே உள்ளூரில் தட்டுத் தயாரிக்கத் துணிந்தார்கள். தட்டுக்கு வாசிக்க யார் இருக்கிறார்கள்? வேலை இழந்த அதே ஜாஸ் வித்வான்கள்தான்! ராத்திரி வேலையைப் பறித்த யந்திரம் பகல் வேலையைக் கொண்டு வந்தது. கிளமெண்ட் டாட், ட்யூக் ரீட் முதலிய தயாரிப்பாளர்கள் அவர்களை அழைத்தார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லாரும் ஒன்றாக நின்று ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். ஒருவர் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாட்டுக்கு இவ்வளவு என்று கூலி. வாங்கிக்கொண்டு வாசற்படி இறங்கினால், அந்த மெட்டுக்கும் அதை ஊதியவனுக்கும் சம்பந்தம் தீர்ந்தது. பிறகு அது கடல் கடந்து போய் எத்தனை ஆயிரம் விற்றாலும் அவன் வீட்டு அடுப்பில் அதிகமாக ஒரு விறகு எரியாது.

அந்தக் கூடங்களில்தான் 'ஸ்கா' என்னும் புதிய சங்கீதம் உருவாயிற்று. அதிலிருந்து பின்னால் உலகப் பிரசித்தமான 'ரெகே' பிறந்தது. 1964-ல் ஸ்கட்டலைட்ஸ் என்ற கோஷ்டி கூடிற்று. அதில் டாமி மக்குக், டான் டிரம்மண்ட், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங் ஆகிய நால்வரும் ஆல்பா பிள்ளைகள். ஸாக்ஸபோன் வித்வானான மக்குக் 1954 முதல் சுமார் எட்டு வருஷம் பஹாமாஸ் தீவில் பிழைத்துவிட்டு, சுதந்திர வருஷத்தில் ஊர் திரும்பியவர். தேர்ந்த ஜாஸ்காரர் ஆனதால் இந்தப் புதுத் தினுசில் இறங்க முதலில் தயங்கினார். கோஷ்டி ஒரு வருஷத்துக்குச் சற்று மேலாக நீடித்து, 1965-ல் கலைந்துவிட்டது. 1967-ல் அவர்கள் வாசித்த 'கன்ஸ் ஆப் நாவரோன்' பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் ஏறியபோது, ஏறியதற்குச் சந்தோஷப்படக் கோஷ்டி என்று ஒன்று இல்லை!

கலைந்ததற்கு ஒரு முக்கிய காரணம் பெரிய துயரம். டிராம்போன் வாத்தியத்தில் டான் டிரம்மண்டுக்கு நிகர் அந்தத் தீவில் இல்லை என்பார்கள். ஏராளமான மெட்டுக்களை அமைத்தவர். அவருக்குச் சித்தம் கலங்கும் வியாதி இருந்தது. பல முறை பெல்வியூ ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியவர். 1965 ஜனவரி தொடக்கத்தில் ஓர் இரவு, தம்முடன் வாழ்ந்த மார்கரிட்டா என்ற நடனக்காரியைக் கத்தியால் குத்திக் கொன்றார். அவளும் சாமான்யக் கலைஞி அல்ல. குன்றுகளில் முழங்கிய மேளங்களைப் பட்டணத்து மேடைக்குக் கொண்டு வர முன்னின்றவள். மேதை என்ற ஒரு சொல்லால் அந்தக் குற்றத்தை மெழுகிவிட நாம் தயாராக இல்லை. ஆனால், ஒரு தேசம் தன் விழாக்களுக்கெல்லாம் ஊத வைத்த மனிதனை, அவனுடைய வியாதிக்கும் வறுமைக்கும் தனியாக விட்டுவிட்டது என்பதையும் மறைக்க முடியாது. டிரம்மண்டைப் பெல்வியூவிலேயே அடைத்தார்கள். 1969 மே மாதம் அவர் அங்கேயே இறந்தார்.

வேறு சிலர் ஊரை விட்டே போனார்கள். டிரம்பெட் வித்வான் டிஸ்ஸி ரீஸ் ஐரோப்பாவுக்குப் போனார். ஸாக்ஸபோன் வித்வான் வில்டன் கெய்னேர் ஜெர்மனியில் குடியேறினார். ஆல்பாவில் வளர்ந்த ஜோ ஹாரியட் 1951-ல் இங்கிலாந்து சென்று, 1960-ல் தாளக் கட்டையும் மெட்டுக் கட்டையும் தளர்த்திய புதிய மார்க்கம் ஒன்றை வகுத்தார். கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயர் என்பவருடன் சேர்ந்து, ஸிதாரும் தபலாவும் தம்பூராவும் ஸாக்ஸபோனுடன் கலக்கும் 'இந்தோ-ஜாஸ் ஸூட்' என்னும் இசைத்தட்டை 1966-ல் வெளியிட்டார். ஒரு ஜமைக்கா அநாதைப் பிள்ளை லண்டனில் நம் ராகங்களைத் தேடிப் பிடித்தது நமக்குப் பெருமைதான். ஆனால் அவரும் 1973 ஜனவரியில், 44-ம் வயதில், வியாதியிலும் வறுமையிலும் காலமானார்.

எல்லாருடைய கதையும் இப்படியே முடிந்தது என்று நேயர்கள் மனம் உடைந்துவிட வேண்டாம். எர்னெஸ்ட் ராங்க்ளின் என்ற கிதார் வித்வான் பதினைந்து பதினாறு வயதிலேயே கோஷ்டியில் சேர்ந்தார். ஹோட்டலிலும் ஒலிப்பதிவுக் கூடத்திலும் உழைத்தார். 1964-ல் லண்டனில், மில்லி ஸ்மால் என்ற பெண் பாடி உலகமெங்கும் விற்ற 'மை பாய் லாலிபாப்' பாட்டுக்கு வாத்திய அமைப்புச் செய்தார். அதே வருஷம் அந்நகரின் பிரசித்தமான ரானி ஸ்காட் கிளப்பில் ஜாஸ் வாசித்து விமரிசகர்களை அசர வைத்தார். எண்பது வயதைத் தாண்டியும் மேடையில் கிதார் வாசித்தார்.

இப்போது தகப்பனாரின் கேள்விக்கு வருவோம். சங்கீதம் சோறு போடுமா? ஜமைக்காவில் தாராளமாகப் போட்டது. தட்டு விற்றவர் சாப்பிட்டார், ஹோட்டல்காரர் சாப்பிட்டார், கடல் கடந்த கம்பெனிகள் வயிறு நிறையச் சாப்பிட்டன. ஊதியவனுக்குத்தான் கடைசிப் பந்தி. அதிலும் பல நாள் இலை தீர்ந்துவிட்டது. சுதந்திரக் கொடி ஏறிய பிறகு, புதிய பதிப்புரிமைச் சட்டம் வருவதற்கு அந்தத் தேசம் 1993 வரையில் காத்திருந்தது. அதற்குள் டிரம்மண்ட் இறந்து 24 வருஷம் ஆகிவிட்டது.

ஆகவே கேள்வி சரியானதுதான். கேட்கும் இடம்தான் தவறு. அதைப் பிள்ளையிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. பாட்டை அனுபவிக்கும் நாம்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். ஒரு பாட்டு நம் மனத்தைக் கவரும்போது பாடியவர் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், பின்னால் வாசித்தவர் யார், அவருக்குக் கிடைத்தது என்ன என்று ஒரு தடவை விசாரித்துப் பார்க்கலாமல்லவா?

ஆல்பாவில் பிள்ளைகள் தங்கியிருந்த விடுதியை 2014-ல் மூடிவிட்டார்கள். சங்கீத வகுப்பை மூடவில்லை. இன்றும் கிங்ஸ்டன் இளைஞர்கள் அங்கே வந்து டிரம்பெட்டும் டிராம்போனும் பழகுகிறார்கள். மாலையில் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் பையனிடம், அவனுடைய தாயாரும் அந்தப் பழைய கேள்வியைத்தான் கேட்பாள். இந்தத் தடவையாவது அவனிடம் சொல்ல ஒரு நல்ல பதில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.